கரித்துண்டு இல்லாத தூக்குச்சட்டி

2025 ஜூலை 5, சனி

கானாடுகாத்தான் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து போன். பெரிய வீடு, வீட்டுக்காரர்கள் சென்னையில். வருடத்துக்கு ஒரு தடவை முன்னோர் படைப்புக்கு வந்து திறப்பதோடு சரி, மற்ற நாளெல்லாம் காவலுக்கு இருக்கும் அண்ணனும் அவர் மனைவியும்தான். ஒரு மாதமாக வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் ராத்திரியானால் யாரோ மூச்சை இழுத்து இழுத்து விடுகிற சத்தம், நடுவில் வயிற்றைக் கலக்குகிற மாதிரி ஒரு கிறீச். அந்த அக்கா பத்து நாளாகக் கண் மூடவில்லையாம்.

எங்கள் கூட்டத்தில் நான், மச்சான், எலக்ட்ரீசியன் அண்ணன், மூன்றே பேர். காசு வாங்குவதில்லை. பயந்து கிடக்கிற வீட்டில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து, சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து, அந்த வீட்டு ஆட்களைத் தூங்க வைத்துவிட்டு வருவது எனக்கு நிஜமாகவே பெரிய வேலையாகத் தெரிகிறது.

இன்று சாயங்காலம் அத்தை கண்டுபிடித்துவிட்டார். மச்சானின் அம்மா, 69 வயது, இரண்டு காதிலும் மெஷின். "நானும் வரேன்" என்றார். எதுக்கு அத்தை என்றால், "நீங்க மூணு பேரும் போயிட்டா வீட்ல நான் ஒருத்தி எப்படி இருப்பேன், எனக்குப் பேய்னா பயம்டா" என்கிறார். பேய்க்குப் பயந்து பேய் தேடுகிற வண்டியில் ஏறுகிற ஆளிடம் என்ன பேசுவது? முன் சீட்டில் உட்கார்ந்தாயிற்று.

மடியில் தூக்குச்சட்டி. உள்ளே நாட்டுக்கோழி வறுவல். ராத்திரியில் கறி கொண்டுபோனால் மேலே ஒரு கரித்துண்டோ வேப்பிலையோ வைக்காமல் அத்தை வாசலைத் தாண்ட மாட்டார், எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான். இன்று மூடியைத் திறந்து காட்டினார். கரி இல்லை.

"வரணும்னுதானேடா போறோம்? கரியை வச்சா எப்படி வரும்?"

2025 ஜூலை 6, ஞாயிறு

நேற்று நடந்ததை மறக்கும் முன் எழுதிவிடுகிறேன்.

பத்தரைக்கு எல்லாம் வைத்து முடித்தோம். முற்றத்தின் தேக்குத் தூண் ஓரமாக இருட்டில் படம் பிடிக்கும் கேமரா, இரண்டாம் கட்டில் ரெக்கார்டர், நடுவில் கே2 மீட்டர். மின்காந்தப் புலம் கூடினால் பச்சையில் ஆரம்பித்துச் சிவப்பு வரை ஐந்து விளக்கு எரியும், அவ்வளவுதான் அந்த மீட்டர் செய்வது, பேய் இருக்கிறதா இல்லையா என்று அது சொல்லாது. அத்தங்குடிக் கல்லில் கால் வைத்தால் ஜில்லென்று ஏறுகிறது. யாரும் பேசக் கூடாது என்று சொல்லியிருந்தேன்.

11.40க்கு மீட்டரில் ஐந்து விளக்கும் எரிந்தன. மச்சான் என் கையைப் பிடித்த பிடியில் இன்னும் நகத்தடம் இருக்கிறது. மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம், இரண்டு நொடி இருக்கும், அத்தையின் சுருக்குப்பைக்குள் போன் அடித்தது. ஷார்ஜாவிலிருந்து மதினி. ரசத்துக்குப் புளி எவ்வளவு என்று கேட்டாராம். மணி அடிப்பதற்கு முன்னாலேயே போனும் டவரும் பேசிக்கொள்ளும், அந்த அலையைத்தான் மீட்டர் பிடித்தது. அத்தை நின்ற இடத்திலேயே எலுமிச்சை அளவு என்று ஆரம்பித்து, பெருங்காயம் வரை சொல்லி முடித்துவிட்டுத்தான் வைத்தார்.

1.15க்கு ரெக்கார்டரில் மெல்லிய விசில் ஒன்று, நீளமாக, ஏறி இறங்கி. ஹெட்போனில் கேட்ட எலக்ட்ரீசியன் அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது, மூன்று வருடத்தில் இப்படி ஒன்று பதிவானதே இல்லை. குளிருக்கு அத்தை முந்தானையைக் காதோடு இழுத்து மூடியிருந்தார், காது மெஷினை அப்படி மூடினால் அது தன் சத்தத்தையே திரும்ப வாங்கிக் கூவும். முந்தானையை எடுத்தார், விசில் நின்றது. மறுபடி மூடச் சொன்னேன், வந்தது. அண்ணன் எழுந்துபோய்க் கொஞ்ச நேரம் திண்ணையில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

ஆனால் இதையும் எழுத வேண்டும். பேய் வராததால் இரண்டு மணிக்கு அத்தை தூக்குச்சட்டியைக் காவல்காரர் வீட்டு அக்காவிடம் கொண்டுபோய்விட்டார். பக்கத்தில் உட்கார்ந்து, "சாப்பிடு தாயி, எலும்பை நல்லாக் கடி" என்று பேச்சுக் கொடுக்க, அந்த அக்கா எங்களிடம் சொல்லாததை எல்லாம் அத்தையிடம் சொன்னார். மகன் மலேசியா போய் ஐந்து மாதம் ஆகிறது. சித்திரையில் அடித்த காற்றில் பின்கட்டு மச்சு மேல் நாலு ஓடு போய்விட்டது, வீட்டுக்காரர்களுக்குத் தெரிந்தால் திட்டுவார்களோ என்று யாரிடமும் சொல்லவில்லை. ஓடு போன பிறகுதான் இந்தச் சத்தம்.

நாங்கள் போட்டிருந்த கேள்வித்தாளில் 32 கேள்வி. ஓட்டைப் பற்றி ஒன்றுகூட இல்லை.

விடிந்ததும் ஏணி போட்டு ஏறினோம். மச்சில் தரை முழுக்கக் கறுப்பு உருண்டைகள், ஒவ்வொன்றும் கட்டைவிரல் பருமன். ஒன்றை உடைத்தேன். எலி முடி, அதற்குள் ஒரு தாடை எலும்பு, முழுசாக, பல் ஒவ்வொன்றும் அரிசிக் குருணையில் பாதி. மூலையில் கூகை ஆந்தைக் குஞ்சுகள் ஐந்து, வெற்றிலை மாதிரி முகம், எங்களைப் பார்த்ததும் ஐந்தும் சேர்ந்து இழுத்தன பாருங்கள் ஒரு மூச்சு, அதுதான் அந்த அக்கா ஒரு மாதமாகக் கேட்டது. முட்டையிட ஆரம்பித்த உடனே தாய் அடை உட்கார்ந்துவிடுவதால் குஞ்சுகள் ஒரே நாளில் பொரிவதில்லை, படிக்கட்டு மாதிரி ஐந்தும் ஐந்து உயரம். கிறீச் சத்தம் பெரிய பறவைகளுடையது.

காவல்கார அண்ணன், ஐயோ சாக்குருவி, விரட்டிவிடலாம் என்றார். 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி தொடக் கூடாது, பறந்துபோன பிறகு ஓட்டை மாற்றுங்கள் என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் காதில் அது ஏறவில்லை. அத்தை கீழிருந்தே கத்தினார்: "பூனைக்குச் சோறு போட்டு வளக்குற, அது எலி பிடிக்கிறதில்ல. இதுங்க சோறே கேக்கல, இதுங்கள விரட்டுவியா?" அதோடு முடிந்தது.

2025 ஜூலை 13, ஞாயிறு

தேவகோட்டையில் ஒரு பையன், பெட்ரோல் பங்கில் ஒரு வாரம் பகல் ஒரு வாரம் ராத்திரி வேலை. வாடகை அறையில் கறுப்பாக ஏதோ வந்து நெஞ்சில் உட்காருகிறதாம், கத்த வாய் வரவில்லையாம். ஊரில் இதை அமுக்குவான் என்பார்கள். கனவு காணும்போது உடம்பைப் பூட்டி வைப்பது மூளையின் வழக்கம், இல்லையென்றால் கனவில் ஓடுகிறவன் நிஜமாகவே எழுந்து ஓடுவான். சில சமயம் பூட்டு திறப்பதற்குள் முழிப்பு வந்துவிடும், கனவு மட்டும் அறைக்குள் மிச்சம் இருக்கும். தூக்கம் நேரம் மாறி மாறி வருகிறவர்களுக்கும் மல்லாந்து படுக்கிறவர்களுக்கும் இது அதிகம். அவனிடம் பொறுமையாகச் சொன்னேன், பாதி நம்பினான்.

அத்தை, "நான் படுத்துப் பாக்குறேன்" என்று அந்த அறையிலேயே பாயை விரித்தார். தலைமாட்டில் அரிவாள்மனை, அது அவர் கொண்டுவந்தது. மூன்று மணி நேரக் குறட்டை பதிவாகியிருக்கிறது. 2.20க்குக் குறட்டை நின்று, தெளிவாக, "யாரு அது? தள்ளிப் படு" என்று அத்தை குரல். வராண்டாவில் எங்களோடு இருந்த பையன் செருப்பில்லாமல் பஸ் ஸ்டாண்டு வரை ஓடிவிட்டான். மச்சான் வண்டியில் போய்க் கூட்டிவந்தான். அத்தைக்கு ஒன்றும் நினைவில்லை. இறந்துபோன மாமாவிடம் இப்படித்தான் சொல்லுவார் என்று மச்சான் மெதுவாகச் சொன்னான்.

பையனை ஒருக்களித்துப் படுக்கச் சொல்லியிருக்கிறோம். ஷிஃப்டை அடிக்கடி மாற்ற வேண்டாம் என்று முதலாளியிடம் பேச நாளை அத்தை போகிறாராம். தடுத்துப் பயனில்லை.

2025 ஜூலை 19, சனி

புது விதி: ரெக்கார்டர் ஓடும்போது அத்தை போனையும் அணைக்க வேண்டும், காது மெஷினையும் கழற்றி டப்பாவில் வைக்க வேண்டும். ஒத்துக்கொண்டார். பதிலுக்கு ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் கூட்டிப்போக வேண்டும்.

2025 ஜூலை 24, வியாழன், ஆடி அமாவாசை

அக்னி தீர்த்தத்தில் கால் வைக்க இடமில்லை. மாமாவுக்குத் தர்ப்பணம் முடிந்ததும் தனுஷ்கோடி போனோம். அங்கே ராத்திரியில் அழுகை கேட்கிறது என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். சாயங்காலத்துக்கு மேல் யாரையும் விடுவதில்லை என்பதால் பகலிலேயே கொஞ்சம் பதிவு செய்யலாம் என்று அண்ணன் பையோடு இறங்கினார்.

"அதை வண்டில வை" என்றார் அத்தை. அந்தக் குரலை நான் கேட்டதில்லை.

1964 டிசம்பர் 22 ராத்திரி புயலில், பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயிலைக் கடல் அப்படியே எடுத்துக்கொண்டபோது அத்தைக்கு எட்டு வயது. அவர் அப்பா ரேடியோ பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாராம், அன்று வீட்டில் உலை வைக்கவில்லையாம். நூறுக்கும் மேற்பட்டவர்கள் அந்த ரயிலில் மட்டும். பவளப்பாறைக் கல்லில் கட்டிய சர்ச் சுவர் இன்னும் நிற்கிறது. அத்தை அதன் நிழலில் மணலைக் கையால் தள்ளிக் குழி செய்து, தர்ப்பணத்தில் மிச்சம் இருந்த எள்ளையும் தண்ணீரையும் விட்டார். யார் பேருக்கு என்று கேட்டேன். "பேரு தெரியுமா நமக்கு?" என்றார்.

மீட்டரை எடுக்கவில்லை. இனி இங்கே எடுக்கவும் மாட்டோம். பேச்சில்லாமல் திரும்பினோம், சங்கு விற்கிற கடை வரும் வரைக்கும். அங்கே 300 ரூபாய் சங்கை 120க்குக் கேட்டு அரை மணி நேரம்.

2025 ஆகஸ்ட் 3, ஞாயிறு, ஆடிப்பெருக்கு

நேற்று ராத்திரி மறுபடி கூகை வீட்டில். குஞ்சுகள் பறக்கிற பருவம், அதைப் பதிவு செய்து அந்த அக்காவுக்குக் காட்டிவிட்டால் மனதில் மிச்சம் இருக்கிற பயமும் போய்விடும் என்று நினைத்தோம். இந்தத் தடவை தூக்குச்சட்டியில் கரித்துண்டு இருந்தது. "குஞ்சு இருக்கிற வீடு, கண்டது வரக் கூடாது."

விதிப்படி மெஷினைக் கழற்றி டப்பாவில் வைத்துவிட்டு, அத்தை முற்றத்து ஓரம் பாய் விரித்து மல்லாந்து படுத்தார். நாங்கள் மூன்று பேரும் மூன்று திரையைப் பார்த்தபடி. ஒன்றும் வரவில்லை. மூன்று மணிக்குக் கேமராவின் பேட்டரி மாற்றினோம், நாலு மணிக்குக் கழற்றிக் கட்டிவிட்டோம்.

காலையில் சித்ரான்னத்துக்குத் தேங்காய் துருவிக்கொண்டே அத்தை சொல்கிறார்: "மூணு மணி இருக்கும்டா, வெள்ளையா ஒண்ணு ஓட்டுலேருந்து இறங்கி, என் மூஞ்சிக்கு நேரா முற்றத்தைத் தாண்டிப் போச்சு. பின்னாலேயே இன்னொண்ணு. இறக்கை இம்மாம் பெருசு." இரண்டு கையையும் விரித்தார், ஒரு கையில் தேங்காய் மூடி. "சத்தமே கேக்கல. மெஷினை நீங்கதான் கழட்டச் சொல்லிட்டீங்களே."

மெஷின் போட்டிருந்தாலும் கேட்டிருக்காது அத்தை, கூகை பறந்தால் யாருக்குமே கேட்காது, அதன் இறகின் ஓரம் அப்படி என்றேன். காதருகே கையை வைத்து, "என்னது?" என்றார். மெஷின் இன்னும் டப்பாவில்தான் இருந்தது.