வெள்ளத்தில் நின்றுபோன கார்: சோதனை நாட்குறிப்பு

நவம்பர் 28

டர்போ பெட்ரோல் இஞ்சின், ஆட்டோமேட்டிக் கியர். தண்ணீருக்குள் ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைந்து நின்ற வண்டி. வந்து இறங்கியதும் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றியாயிற்று. ‘ஒரே ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்போமே’ என்று யாருக்கும் கை போகக் கூடாது.

காற்றை அழுத்தினால் சுருங்கும், தண்ணீர் சுருங்காது. சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்கும்போது பிஸ்டன் மேலே வந்தால், வளைவது பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடுதான். ஓடும்போதே அணைந்த வண்டியில் அந்தச் சேதம் ஏற்கெனவே நடந்திருக்கலாம். நிறுத்தி வைத்திருந்தபோது மூழ்கிய வண்டியில் பெரும்பாலும் நடந்திருக்காது. பிறகு செல்ஃப் அடிக்கும்போதுதான் நடக்கும்.

தண்ணீர் எதுவரை ஏறியது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்துப் பார்த்ததில் கடைசி ஒரு சாண் நீளத்துக்குச் சேற்றுக் கறை. பெல்ட் சுருளும் பெட்டி கதவுத் தூணின் அடியில் இருக்கிறது. அங்கே சேறு என்றால் கதவுப் படியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது என்று பொருள். எதையும் துடைப்பதற்கு முன் எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொள்வது இன்ஷூரன்ஸுக்கும் உதவும், நமக்கும் உதவும்.

ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தால் காகிதம் நனைந்து ஊறிக் கிடக்கிறது, அடியில் மண். இது காய்ந்திருந்தால் பாதிக் கவலை போயிருக்கும். ஆயில் அளவைக் காட்டும் டிப் ஸ்டிக்கில் மட்டம் மேல் கோட்டைத் தாண்டியிருக்கிறது, தண்ணீர் கலந்திருக்கிறது. இஞ்சினைச் சுற்றுவதற்கு முன்பே ஆயிலை இறக்கிவிட வேண்டும். டிரெயின் போல்ட்டை முழுதாகக் கழற்றாமல் மெல்லத் தளர்த்தினால் தண்ணீர்தான் முதலில் வரும். அது ஆயிலைவிடக் கனம். இதிலும் அப்படித்தான் வந்தது, பின்னால் வெளுத்த பழுப்பு நிறத்தில் ஆயில். ஃபில்டரும் மாற்றிப் புது ஆயில் ஊற்றியாயிற்று.

பிறகு நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, ஃபியூயல் பம்ப் ஃபியூஸை எடுத்து, இக்னிஷன் காயில் கப்ளர்களை (வயர்களை இணைக்கும் முனைகளை) பிரித்துவைத்து, கிராங்கின் முனையில் உள்ள புல்லி போல்ட்டில் நீண்ட கைப்பிடி போட்டு, இஞ்சின் ஓடும் திசையிலேயே கையால் இரண்டு முழுச் சுற்று. எங்கும் இடிக்கவில்லை. அதன் பின்பே பேட்டரியை இணைத்துச் செல்ஃப், ஐந்து ஐந்து விநாடியாக. பிளக் ஓட்டைக்கு நேரே முகத்தை வைத்துப் பார்க்கக் கூடாது. தண்ணீர் பீறிட்டு அடிக்கும். டீசல் வண்டியில் இதே வேலைக்கு குளோ பிளக்கையோ இன்ஜெக்டரையோ கழற்ற வேண்டும். தண்ணீர் நின்றதும் ஒவ்வொரு சிலிண்டரிலும் சுமார் 5 மில்லி இஞ்சின் ஆயில். விட்டால் சுவரில் துரு பிடிக்கும்.

சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரெஷன் சோதனையில் நான்கும் ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்குள். பிளக் ஓட்டை வழியாக ஒரு மெல்லிய கோலை விட்டு, பிஸ்டன் ஏறும் உச்ச உயரத்தையும் அளந்தோம், நான்கும் சமம். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் அந்த ராடு வளைந்திருக்கிறது. லேசாக வளைந்த ராடோடும் இஞ்சின் ஓடும், ஆனால் பின்னொரு நாள் ஒடிந்து இஞ்சின் பிளாக்கைத் துளைத்துவிடும். அதனால் ‘ஸ்டார்ட் ஆகிவிட்டதே’ என்பதைச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது.

டர்போ வண்டியில் இன்னொரு சிக்கல், டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர். பம்பருக்குப் பின்னால் தாழ்வாக இருக்கிறது, உள்ளே தண்ணீர் தேங்கும். சிலிண்டரைக் காயவைத்துவிட்டு இதை மறந்தால், முதல் ஆக்ஸிலரேட்டருக்கே அந்தத் தண்ணீர் உள்ளே போய்விடும். இரண்டு ஹோஸையும் கழற்றிக் கவிழ்த்தாயிற்று.

நவம்பர் 29

சீட்டுகள் வெளியே. சீட்டுக்கு அடியில் இருக்கும் மஞ்சள் கப்ளர்கள் ஏர்பேக்குக்கும், விபத்தில் சீட் பெல்ட்டை இறுக்கும் கருவிக்கும் உரியவை. பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் கழித்தே அவற்றைத் தொட வேண்டும். மல்டிமீட்டர் முனையை அங்கே வைக்கவே கூடாது.

கார்பெட்டின் மேல்பக்கம் தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருக்கிறது. அடியில் உள்ள தடித்த ஃபோமை அழுத்தினால் விரலிடுக்கில் தண்ணீர் வழிகிறது. ஓரிரு நாளில் பூஞ்சை பிடித்துவிடும். வெயிலில் மேலே மட்டும் உலர்த்துவது வீண், முழுதாக உருவி எடுக்க வேண்டும். தரைத் தகட்டில் உள்ள ரப்பர் மூடிகளைக் கழற்றினால் தேங்கியது வடியும். டிக்கியில் ஸ்டெப்னி இருக்கும் பள்ளத்தையும் பார்க்க வேண்டும்.

கார்பெட்டுக்கு அடியில் ஓடும் வயரிங்தான் உண்மையான தலைவலி. ஈரமான கப்ளரில் 12 வோல்ட் இருந்துகொண்டே இருந்தால் பித்தளைப் பின்னை மின்னோட்டமே அரித்துவிடும். சேறு படிந்த கப்ளரைச் சுத்தத் தண்ணீரில் அலசி, காற்றடித்து, பிறகு கான்டாக்ட் கிளீனர். உப்புத் தண்ணீர் என்றால் இந்த அலசலை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

டிசம்பர் 1

இஞ்சின் ஓடுகிறது. சைலன்சரில் வெள்ளைப் புகை, ஆவிதான். கொஞ்ச நேரத்தில் நின்றது. புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் சூடாக இருக்கும்போது தண்ணீரில் திடீரென்று குளிர்ந்தால் உள்ளே இருக்கும் செராமிக் உடையும், தட்டினால் கலகலக்கும். இதில் சத்தமில்லை. சிறிது நேரம் ஓடவிட்டு, ஆயிலும் ஃபில்டரும் மறுபடி மாற்றம். முதல் மாற்றத்தில் எல்லா ஈரமும் வந்துவிடாது.

கியர் ஆயில் தெளிந்த சிவப்பு. இளஞ்சிவப்பாகக் கலங்கியிருந்தால் வண்டியை அசைக்கவே கூடாது. கிளட்ச் தட்டுகளின் உராய்வுப் பட்டையைப் பிடித்திருக்கும் பசையைத் தண்ணீர் விடுவித்துவிடும். ஒரு தடவை மாற்றினாலும் போதாது, இஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டருக்குள் பழைய ஆயில் நிறையத் தங்கிவிடும்.

டிசம்பர் 2

பின் டிரம் இரண்டிலும் மண். ஹேண்ட் பிரேக் போட்டபடி நனைந்த வண்டியை நிறுத்தினால் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பதே நல்லது. நிற்காமல் தண்ணீரைத் தாண்டி வந்தவர்கள் மெதுவாக ஓட்டியபடி பிரேக்கை லேசாக அழுத்தி அழுத்திக் காயவைத்தால் போதும். பிரேக் ஆயில் மாற்றியாயிற்று, ஈரம் ஏறினால் அதன் கொதிநிலை இறங்கிவிடும். டாட் 4 என்ற தரத்துப் பிரேக் ஆயிலின் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதில் 230 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறியபின் 155.

டிசம்பர் 3

மின்சார வண்டி என்றால் இதில் எதையும் செய்ய வேண்டாம். உயர் மின்னழுத்தம் ஓடும் ஆரஞ்சு நிறக் கேபிளைத் தொடாமல், கட்டடங்களிலிருந்தும் மற்ற வண்டிகளிலிருந்தும் 15 மீட்டராவது தள்ளி, திறந்தவெளியில் நிறுத்திவிட்டு, பயிற்சி பெற்றவரைக் கூப்பிட வேண்டும். நனைந்த லித்தியம் பேட்டரி பல நாள் கழித்தும் தீப்பிடிக்கலாம்.

டிசம்பர் 19

ஸ்கேனரில் ‘யூ’ எழுத்தில் தொடங்கும் பிழைக் குறியீடுகள். கண்ட்ரோல் யூனிட்டுகள் ஒன்றோடொன்று பேச முடியாதபோது வருபவை. அழிப்பதற்கு முன் எழுதிவைத்துக்கொண்டோம். ஓட்டுநர் கால் பக்கத்துக் கப்ளர் ஒன்றில் இரண்டு பின்களில் பச்சைப் பூச்சு. நவம்பர் 29 அன்று பார்க்கும்போது பளபளப்பாக இருந்தவைதான். சுரண்டிவிட்டு மாட்டினால் திரும்ப வரும். பின்னையே மாற்றி, வயரோடு அழுத்திப் பிணைத்து (கிரிம்ப்) விட்டாயிற்று.

ஜனவரி 9

60 கிலோமீட்டர் வேகத்தில் ஊளைச் சத்தம். ஸ்டீயரிங்கை இடப்பக்கம் லேசாகத் திருப்பினால் கூடுகிறது, பாரம் வலப்பக்கம் ஏறுவதால். வலது முன் வீல் பேரிங்கில் கிரீஸ் கெட்டுத் துரு பிடித்திருக்கிறது. இடப்பக்கம் இன்னும் சத்தமில்லை, ஆனால் அதே தண்ணீரில் நின்றது. இரண்டையும் சேர்த்தே மாற்றுகிறோம்.