எஃப்எல் ஸ்டூடியோவிலிருந்து ரீப்பருக்கு: என் பாட்டுகளை எப்படிக் கொண்டுவந்தேன்

பல வருடங்கள் எஃப்எல் ஸ்டூடியோ என்ற இசை மென்பொருளில் மட்டுமே இசையமைத்துவிட்டு இப்போது ரீப்பர் என்ற இன்னொன்றுக்கு மாறியிருக்கிறேன். மாற நினைக்கும் நண்பர்கள் எல்லோரும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "பழைய ப்ராஜெக்ட் எல்லாம் புதுசுல திறக்குமா?" திறக்காது. எஃப்எல்லின் ப்ராஜெக்ட் கோப்பை ரீப்பர் படிக்காது, ரீப்பருடையதை எஃப்எல் படிக்காது. இந்த இரண்டுக்கும் நடுவே முழுசாகக் கடந்துபோவது இரண்டே பொருள்கள்: மிடியாக (எந்தச் சுரம், எப்போது, எவ்வளவு அழுத்தமாக என்ற குறிப்பாக) எழுதிய சுரங்கள், வேவ் கோப்பாக இறக்கிய ஒலி. மிக்சர் அமைப்பு, எஃபெக்ட் வரிசை, ஆட்டோமேஷன் (பாட்டின் போக்கில் அமைப்புகள் தானாக மாறுவது), ரூட்டிங் (எந்த ஒலி எந்த வழியில் போகிறது என்பது) எல்லாம் பழைய இடத்திலேயே நின்றுவிடும். இதை முதல் நாளே ஏற்றுக்கொண்டதால் எனக்குப் பாதி வேலை குறைந்தது.

எஃப்எல்லில் எனக்கு எந்த மனக்குறையும் இல்லை. 1997-இல் ஃப்ரூட்டிலூப்ஸ் என்ற பெயரில் டிரம் வரிசைகள் அமைக்கும் சின்ன மென்பொருளாகப் பிறந்தது அது. அந்தப் பிறப்பின் குணம் இன்றும் அதில் இருக்கிறது. பேட்டர்ன் (ஒரு சின்னத் தாள அல்லது மெட்டுத் துண்டு) ஒன்றைப் போட்டு, அதைத் திரும்பத் திரும்ப அடுக்கி, பத்து நிமிடத்தில் ஒரு தாளக்கட்டைக் கட்டியெழுப்ப அதைவிட வேகமான இடம் எனக்குத் தெரியாது. மாறியது என் வேலை. குரல் பதிவு கூடிக்கொண்டே போனது. பாடகர் ஒரே வரியைப் பல முறை பாடுவார். அதில் முதல் சொல்லை ஒன்றிலிருந்தும் கடைசி இழுப்பை இன்னொன்றிலிருந்தும் எடுத்து ஒட்ட வேண்டும். நாள் முழுக்க இந்த வேலைதான் என்றானபோது, நேர்கோட்டில் பதிவு செய்வதற்கென்றே கட்டப்பட்ட மென்பொருள் தேவைப்பட்டது.

ரீப்பரைத் தேர்ந்தெடுக்க முக்கியக் காரணம் அதன் 60 நாள் சோதனைக் காலம். எந்த வசதியையும் பூட்டி வைக்காமல் முழு மென்பொருளையும் கொடுத்துவிடுகிறார்கள். கணினியில் பாட்டுக் கேட்க உதவும் வின்ஆம்ப் மென்பொருளை எழுதிய ஜஸ்டின் ஃப்ராங்கெல்தான் இதையும் தொடங்கினார் என்பது ஒரு காலத்தில் வின்ஆம்பில் பாட்டுக் கேட்டு வளர்ந்த எனக்குத் தனி நெருக்கம். 2023-இல் வந்த ஏழாம் பதிப்பில், ஒரே டிராக்குக்குள் டேக்குகளை, அதாவது ஒவ்வொரு முறை பாடிய பதிவையும், தளம் தளமாக அடுக்கி, வேண்டிய துண்டை மவுஸால் தடவித் தேர்ந்தெடுக்கும் வசதி வந்தது. நான் தேடியது அதுதான்.

கையில் பாதி முடிந்த வேலையும் அதற்குக் கெடுவும் இருக்கும்போது மாறாதீர்கள். நான் ஒப்புக்கொண்டதையெல்லாம் பழையதிலேயே முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் தொடங்கினேன்.

முதல் வேலை, பழைய பாட்டுகளை மூன்றாகப் பிரித்தது. முடிந்து வெளியே போனவை, இனிமேல் கட்டாயம் தொடப்போகிறவை, என்றாவது தொடலாம் என்று கிடப்பவை. முடிந்தவற்றுக்கு ஸ்டெம் (ஒவ்வொரு டிராக்கையும் தனித்தனி ஒலிக்கோப்பாக இறக்கியது) போதும். கிடப்பவற்றுக்கு ஸ்டெமோடு மிடியும் எடுத்து வைத்தேன். தொடப்போகிறவை மிகச் சிலதான். அவற்றை மட்டும் ரீப்பரில் மறுபடி கட்டினேன். எல்லாவற்றையும் மறுபடி கட்ட வேண்டும் என்று கிளம்பினால் புதுப் பாட்டு ஒன்றுகூடப் பிறக்காது.

ஸ்டெம் எடுப்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், இதில்தான் எதிர்காலமே இருக்கிறது. எஃப்எல்லில் ஏற்றுமதி செய்யும்போது மிக்சர் டிராக்குகளைத் தனித்தனியாகப் பிரித்துக் கொடுக்கும் தெரிவு உண்டு. அதற்கு முன், ஒவ்வொரு கருவியும் தனக்கென்று ஒரு மிக்சர் வழியில் போகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு கருவிகள் ஒரே வழியில் போனால் அவை ஒரே கோப்பில் ஒட்டிக்கொண்டு வரும், பிறகு பிரிக்க முடியாது. மாஸ்டரில் (எல்லா ஒலியும் கடைசியாகச் சேரும் வழியில்) போட்டிருக்கும் லிமிட்டர், கம்ப்ரசர் என்று சத்தத்தை அடக்கும் எஃபெக்ட் எல்லாவற்றையும் அணைத்துவிட வேண்டும். மாஸ்டர் கம்ப்ரசர் மொத்தக் கலவையைக் கேட்டு வேலை செய்வது. தனித்தனி டிராக்கில் அது வேறு விதமாக நடந்துகொள்ளும், கூட்டினால் பழைய கலவை திரும்ப வராது. பாட்டு முடிந்த பிறகும் ரிவெர்பின் (எதிரொலி எஃபெக்டின்) வால் அடங்கும்வரை பதிவாக வேண்டும், அதற்கான தெரிவும் அங்கேயே இருக்கிறது. எல்லாக் கோப்பும் பாட்டின் முதல் நொடியிலிருந்தே தொடங்க வேண்டும். அப்போதுதான் எந்த மென்பொருளில் இழுத்துப் போட்டாலும் தானாக வரிசையில் நிற்கும்.

நான் 32 பிட் ஃப்ளோட் வேவாக எடுத்தேன். இதில் ஒலி 0 டெசிபலைத் தாண்டினாலும் வெட்டுப்படாது, பிறகு குறைத்துக்கொள்ளலாம். 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோவுக்கு நிமிடத்துக்குச் சுமார் 23 மெகாபைட் ஆகும். முப்பது டிராக் உள்ள நான்கு நிமிடப் பாட்டு என்றால் 2.7 ஜிகாபைட்டைத் தாண்டும். அதற்கேற்ற வட்டு இடத்தை முதலிலேயே ஒதுக்குங்கள். கோப்புறையோடு ஒரு சின்ன எழுத்துக் குறிப்பும் வைத்தேன்: டெம்போ, சுருதி, சாம்பிள் ரேட், எந்த இடத்தில் டெம்போ மாறுகிறது, எந்த பிளக்இன் (மென்பொருளுக்குள் ஏற்றும் கருவி அல்லது எஃபெக்ட்) எந்தப் பதிப்பு.

எடுத்த ஸ்டெம்கள் முழுசாக இருக்கின்றனவா என்று காதால் மட்டும் முடிவு செய்யக் கூடாது. இதற்கு ஒரு நல்ல சோதனை உண்டு. எல்லா ஸ்டெம்களையும் ரீப்பரில் போட்டேன். மாஸ்டர் எஃபெக்ட் இல்லாமல் எடுத்த முழுக் கலவையையும் ஒரு டிராக்கில் போட்டேன். அந்த ஒரு டிராக்கின் ஃபேஸை (ஒலி அலையின் மேல்-கீழ் திசையை) மட்டும் தலைகீழாகத் திருப்பினேன். இரண்டும் ஒன்றாக இருந்தால் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு மௌனம்தான் மிஞ்சும். ஏதாவது கேட்டால், அது ஸ்டெம்களில் விடுபட்ட பொருள். ஒரு ரிவெர்ப் சென்ட் (டிராக்கின் ஒலியில் ஒரு பகுதியை ரிவெர்புக்கு அனுப்பும் வழி) விடுபட்டிருந்தால் அந்த ரிவெர்ப் மட்டும் மெல்லிசாகத் தனியே கேட்கும். இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. கோரஸ், அசையும் ரிவெர்ப், ஒவ்வொரு முறையும் வேறு இடத்திலிருந்து தொடங்கும் சிந்த் ஆகியவை முழுசாக அழியாது, அது இயல்பு. மற்ற டிராக்குகள் எனக்குச் சுத்தமாக அழிந்தன. "இந்த மென்பொருளில் ஒலி கெட்டியாக இருக்கும், அதில் மெலிசாக இருக்கும்" என்ற பேச்சை நானும் வெகுகாலம் கேட்டிருக்கிறேன். அந்த மௌனத்தைக் கேட்ட பிறகு அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒலிகளைக் கூட்டும் கணக்கு எல்லா இடத்திலும் ஒரே கணக்குதான்.

அப்படியானால் சிலருக்கு ஏன் வித்தியாசம் கேட்கிறது? பெரும்பாலும் பேன் விதிதான் (ஒலியை இடம், நடு, வலம் என்று வைக்கும்போது அதன் அளவை மாற்றும் விதி) காரணம் என்பது என் கணிப்பு. ஒரு மோனோ ஒலியை நடுவில் வைத்தால் இரண்டு ஸ்பீக்கரிலும் ஒன்றாக வந்து சத்தம் கூடித் தெரியும். அதை ஈடுகட்டச் சில மென்பொருட்கள் நடுவில் 3 டெசிபல் குறைக்கும், சிலது 4.5, சிலது 6, சிலது எதுவும் குறைக்காது. ஆகவே அதே ஃபேடர் எண்களை அப்படியே எழுதினாலும் குரலும் கிக்கும் வேறு உயரத்தில் நிற்கும். ரீப்பரில் இதை ப்ராஜெக்ட் அமைப்பில் மாற்றிக்கொள்ளலாம். மறுபடி கட்டிய பாட்டுகளில் நான் முதலில் சரிசெய்தது இதைத்தான்.

மிடிக்கு வருகிறேன். எஃப்எல்லின் மேக்ரோ பட்டியலில் மிடி ஏற்றுமதிக்குத் தயார்செய்யும் ஒரு கட்டளை இருக்கிறது. அது எல்லாக் கருவிகளையும் எடுத்துவிட்டு அவற்றின் இடத்தில் மிடி அவுட்டை வைத்துவிடும். அதனால் ப்ராஜெக்டை வேறு பெயரில் சேமித்து, அந்த நகலில் மட்டும் இதைச் செய்ய வேண்டும்.

சுரங்கள் ரீப்பரில் சரியாகவே வந்து உட்கார்ந்தன. ஆனால் பெயர்கள் மாறியிருந்தன. மிடி எண் 60 எஃப்எல்லில் சி5, ரீப்பரில் இயல்பாக சி4, வேறு பலவற்றில் சி3. ஒலிக்கும் சுரம் ஒன்றுதான் என்பதால் மெட்டுக்குப் பாதகமில்லை. தொந்தரவு கீஸ்விட்ச் (வாசிக்கும் விதத்தை மாற்றும் கீ) உள்ள வயலின், செல்லோ ஒலி நூலகங்களில் வரும். இழுத்து வாசிப்பதற்கு ஒரு கீ, விரலால் சுண்டுவதற்கு ஒரு கீ என்று பெயரால் குறித்து வைத்திருந்தால் அந்தக் குறிப்பு புதிய இடத்தில் உதவாது. என் குறிப்புகள் எல்லாவற்றையும் மிடி எண்ணுக்கு மாற்றி எழுதிக்கொண்டேன். எண் எங்கு போனாலும் மாறாது.

உண்மையில் மனசு கனத்த இடம் ஸ்லைட் நோட்டுகள். எஃப்எல்லின் பியானோ ரோலில் ஒரு சுரத்துக்கு முக்கோணக் குறி போட்டால், முந்தைய சுரம் அதை நோக்கி வழுக்கிப் போகும். அதன் சொந்தக் கருவிகளில் மட்டும் இது வேலை செய்யும், மிடியில் இதற்கு இடமே இல்லை. என் லீட் மெட்டுகளில் பாதி அழகு அந்த வழுக்கலில்தான் இருந்தது. ரீப்பரில் அவற்றைப் பிட்ச் பெண்டாக வரைந்தேன். பெரும்பாலான கருவிகளில் பெண்டின் எல்லை இரண்டு அரைச்சுரம் என்றுதான் இருக்கும். அதைப் பன்னிரண்டாக்கிவிட்டு, பழைய ஸ்டெமை அடியில் மெதுவாக ஓடவிட்டு, கேட்டுக் கேட்டு வளைவுகளை வரைந்தேன். பிட்ச் பெண்டுக்கு 16,384 படிகள் உண்டு என்பதால் எல்லையைப் பெரிதாக்கினாலும் நெளிவு கரடாகத் தெரியாது. எங்கே மெதுவாகக் கிளம்ப வேண்டும், எங்கே சட்டென்று போய்ச் சேர வேண்டும் என்று ஒவ்வொரு வளைவையும் தனியாகத் தீர்மானிக்க முடிந்தது. நேரம் நிறையப் போனது, ஆனால் மெட்டு முன்பைவிட உயிரோடு இருக்கிறது. தொடப்போகாத பாட்டுகளில் அந்த லீடை வேவாகவே விட்டுவிட்டேன்.

பிளக்இன்களில், இரண்டிலும் ஓடும் விஎஸ்டிகள் (பல இசை மென்பொருட்களுக்கும் பொதுவான பிளக்இன் வகை) பிரச்சினை தரவில்லை. அவற்றின் அமைப்பை மென்பொருளின் பிரீசெட்டாக வைக்காமல், பிளக்இன் தன் ஜன்னலுக்குள்ளேயே தரும் பிரீசெட்டாகச் சேமித்தால் ரீப்பரில் ஒரே சொடுக்கில் திறக்கும். எஃப்எல்லுக்கென்றே உள்ள கருவிகளுக்கு இந்த வழி கிடையாது.

2023-இல் பிட்விக்கும் ப்ரிசோனஸும் சேர்ந்து டாப்ராஜெக்ட் என்ற திறந்த கோப்பு வடிவத்தை வெளியிட்டார்கள். சுரம், ஒலி, ஃபேடர், ஆட்டோமேஷன் என்று நிறையவற்றைச் சேர்த்தே கொண்டுபோகும். பிட்விக், ஸ்டூடியோ ஒன், கியூபேஸ் 14 ஆகியவை அதைப் புரிந்துகொள்ளும். நீங்கள் மாறுவது இவற்றுக்குள் என்றால் முதலில் அந்த வழியைப் பாருங்கள். என் பாதையில் அது வரவில்லை.

பழகிய கையை மாற்றுவது தனி வேலை. எஃப்எல்லில் கருவி ஓரிடம், பேட்டர்ன் ஓரிடம், மிக்சர் ஓரிடம். பிளேலிஸ்டில் எந்த வரியில் எதை வேண்டுமானாலும் வைக்கலாம். ரீப்பரில் எல்லாமே டிராக். ஒலி, மிடி, பஸ் (பல டிராக்குகள் சேரும் பொது வழி), எல்லாம் ஒரே வகை டிராக்தான். ஒரு டிராக்கின் கீழ் மற்றவற்றைக் கோப்புறையாகப் போட்டால் மேலே இருப்பது தானாகவே பஸ் ஆகிவிடும். இது மண்டையில் ஏறியதும் ரூட்டிங் மொத்தமும் எளிதாகிவிட்டது. கிக் அடிக்கும்போது பேஸை அமுக்க, கிக் டிராக்கிலிருந்து பேஸ் டிராக்கின் 3, 4-ஆம் சேனல்களுக்கு ஒரு சென்ட் போட்டு, கம்ப்ரசரை அந்தச் சேனல்களைக் கேட்கச் சொன்னால் போதும்.

பேட்டர்ன் பழக்கம்தான் கடைசிவரை இழுத்தது. எஃப்எல்லில் ஒரு பேட்டர்னைத் திருத்தினால் அது வரும் எல்லா இடத்திலும் மாறும். ரீப்பரில் நகலெடுத்த மிடி துண்டுகள் இயல்பாகத் தனித்தனி. ஒன்றாக மாற வேண்டும் என்றால் பூல் செய்த நகலாக எடுக்க வேண்டும். நான் இப்போது தாளத்துக்கு மட்டும் பூல் நகல், மெட்டுக்குத் தனி நகல் என்று வைத்திருக்கிறேன். இரண்டாவது சரணத்தில் மெட்டு கொஞ்சம் விலகிப் போக இது இடம் கொடுக்கிறது.

ரீப்பரில் எந்தச் செயலுக்கும் எந்த விசையையும் கொடுக்கலாம். ஆனால் பழைய மென்பொருளின் விசைகளை அப்படியே ஏற்றுவதை நான் தவிர்த்தேன். வெட்ட எஸ் (S), புது டிராக்குக்கு கண்ட்ரோல் டி (T) என்று ரீப்பரின் விசைகளையே பழகினேன். பியானோ ரோலில் வலது பொத்தானை இழுத்தால் சுரம் அழிய வேண்டும் என்பதை மட்டும் மவுஸ் அமைப்பில் மாற்றிக்கொண்டேன். அந்த ஒரு பழக்கம் விரலோடு ஊறிப்போனது. பிறகு குரல், டிரம், பேஸ், இரண்டு ரிவெர்ப் என்று அடிப்படை அமைப்பை டெம்ப்ளேட்டாகச் சேமித்ததும், திறந்தவுடன் பாட வைக்க முடிகிறது.

எஃப்எல்லைக் கணினியிலிருந்து நீக்கவில்லை. அதையே ஒரு விஎஸ்டி கருவியாக ரீப்பருக்குள் திறக்கலாம் என்பதால், தாளத்தை இன்றும் அதன் ஸ்டெப் சீக்வென்சரில்தான் தட்டுகிறேன், டெம்போ ரீப்பரைத் தொடர்ந்து வருகிறது. எஃப்எல்லுக்கு மட்டுமே உரிய கருவிகளின் ஒலி வேண்டும்போதும் இதே வழிதான். குரல் பதிவும் கலவையும் முழுசாக ரீப்பரில். அங்கே முடிக்கும் ஒவ்வொரு பாட்டையும் முடித்த அன்றே ஸ்டெமாக இறக்கி, மௌனச் சோதனை செய்து, மிடியையும் குறிப்பையும் சேர்த்து வட்டில் வைத்துவிடுகிறேன்.