தே ஓ ஐஸ்... புங்குஸ்!

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வரிசையில் நிற்க எவனும் சொல்லித்தர வேண்டியதில்லை என்பார் எங்கள் தாத்தா. வேலைக்குப் போகுமுன் விடியற்காலைப் பெரட்டில் வரிசையாக நின்று பேர் கொடுத்த பரம்பரையாம். 1948 ஜூன் 16-இல் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம்தான் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுடப்பட்டு, மலாயாவில் அவசரகாலம் வந்தது. அந்த நாளில் துப்பாக்கி தூக்கித் தோட்டம் காத்த மனுஷன் அவர். அதனால் நான் கடேட்டில் சேர்ந்ததும், ஆகஸ்டு 31 சுதந்திர தின அணிவகுப்புக்கு நாங்கள் பழகுவதைப் பார்க்கத் திடலோரம் வந்து உட்கார்ந்துவிடுவார்.

பயிற்சி கொடுத்தவர் ஓய்வுபெற்ற சார்ஜன். அன்றைக்கு அவருக்குத் தொண்டை சுத்தமாகக் கட்டிவிட்டது. காற்றுதான் வருகிறது. சரி என்று, 'மைக்செட்' என்று நாங்கள் கூப்பிடும் பையனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். "நான் என்ன சொன்னாலும் சத்தமாகச் சொல்" என்று அவன் காதில் சொன்னார். என்ன சொன்னாலும்!

கவாத்துக் கட்டளை மலாயில், இரண்டு துண்டாக வரும். 'கெ பெலாக்காங்...' (பின்பக்கம்) என்று இழுக்கும்போது அசையக் கூடாது, காதைத் தீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். 'பூசிங்!' (திரும்பு) என்று வெட்டியதும் உடம்பு தானாகத் திரும்ப வேண்டும். அங்கே மூளைக்கு வேலையே இல்லை. சார்ஜனே அப்படித்தான் பழக்கியிருந்தார்.

முதல் கால் மணி நேரம் நன்றாகவே போனது. பிறகு கடைசி வரிசையில் ஒருவனுக்குச் சப்பாத்துக் கயிறு அவிழ்ந்து கிடப்பதைப் பார்த்துச் சார்ஜன் ஏதோ முணுமுணுத்தார். மைக்செட் நெஞ்சை நிமிர்த்தி, "காசூட்... இக்காட்!" என்றான். முப்பது பேரும் ஒரே நேரத்தில் குனிந்து, கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினோம். சும்மா சொல்லக் கூடாது, அன்று எல்லாரும் சேர்ந்து ஒழுங்காகச் செய்தது அது ஒன்றுதான். தாத்தா கைகூடத் தட்டினார்.

சார்ஜன் நெற்றியில் அடித்துக்கொண்டார். எங்களை நடக்கவிட்டு, வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒட்டுக்கடை அண்ணனைப் பார்த்துக் கையைக் காட்டியபடி மெல்ல வாயசைத்தார். விட்டானா மைக்செட்?

"தே ஓ ஐஸ்...... புங்குஸ்!"

'பால் கலக்காத ஐஸ் தேநீர், பொட்டலம் கட்டு!' என்பதுதான் அது. ஆனால் இழுத்த இழுப்பும் வெட்டிய வெட்டும் அச்சு அசல் சார்ஜன். முன் வரிசை வலப்பக்கம் திரும்பியது. நடு வரிசை முழுசாகத் திரும்பிப் பின் வரிசைமேல் போய் மோதியது. பின் வரிசையில் பாதி நின்றுவிட்டது, மீதி வந்த வழியே போய்க்கொண்டிருந்தது. முன் வரிசைக்காரர்கள் நேராகக் கால்வாயை நோக்கி நடக்கிறார்கள், நிறுத்தச் சொல்ல ஆளில்லை. சார்ஜன் இரண்டு கையையும் வீசி வாயைத் திறந்து திறந்து மூடுகிறார். மைக்செட்டோ அவர் வாயையே உற்றுப் பார்த்துக்கொண்டு கட்டளைக்குக் காத்திருக்கிறான்! கடைசியில் தாத்தாதான் எழுந்து, "டேய், நில்லுங்கடா!" என்று தமிழில் ஒரு அதட்டல் போட்டார். மலாய்க்கார, சீனப் பையன்கள் உட்பட அத்தனை பேரும் நின்றோம்.

வேர்த்து விறுவிறுத்து மறுபடி வரிசை கட்டி முடிக்கையில் ஒட்டுக்கடை அண்ணன் வேலியோரம் வந்தார். இரண்டு கையிலும் கொத்துக் கொத்தாகக் கட்டித் தொங்கும் தே ஓ ஐஸ் பொட்டலங்கள். "முப்பது பேருக்கும் சேர்த்துத்தானே சார்ஜன் கத்தச் சொன்னீங்க?"

அப்போதுதான் சார்ஜனுக்குத் தொண்டை திறந்தது.