அரைப்பேர்

தகரப்பெட்டியைத் திறக்கவே அம்மாயிக்குக் கால் மணி நேரம் எடுத்தது. சாவி முந்தானையில் இருந்தது, முடிச்சு இறுகிப் போயிருந்தது. பெட்டிக்குள் ஒரு சேலை, சேலைக்குள் ஒரு பொலித்தீன் பை, அதற்குள் இன்னொரு பை. கடைசியில் வந்தது ஒரு கடதாசி. மடிப்பில் கிழிந்து, டேப் ஒட்டி, அந்த டேப்பும் மஞ்சளாகிப் போயிருந்தது. அம்மாயியின் அப்பா பிரஜாவுரிமை கேட்டு 1951இல் விண்ணப்பித்திருந்தார். அதை நிராகரித்து வந்த கடிதம் இது. ஆங்கிலத்தில் இருந்ததால் அந்த வீட்டில் யாரும் அதை வாசித்ததில்லை. என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

அதைக் கண்காட்சிக்குக் கேட்கத்தான் நான் அந்தத் தோட்டத்து வீட்டுக்குப் போயிருந்தேன். கையில் ஒப்புதல் படிவம். மூன்று பக்கம், நல்ல தமிழில், நானே உட்கார்ந்து எழுதியது. பொருளை இரவலாகத் தரச் சம்மதம், படம் எடுக்கச் சம்மதம், எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம், கீழே கையெழுத்து அல்லது பெருவிரல் அடையாளம். அம்மாயி படிவத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கடிதத்தை மடித்து, பைக்குள் பையாக வைத்து, பெட்டியைப் பூட்டினார்.

"கைநாட்டு வச்சுத்தானே மிஸ் எங்கண்ணன் கோச்சி ஏறுனாரு."

அன்றைக்கு அவ்வளவுதான். தேநீர் குடித்துவிட்டு இறங்கி வந்தேன்.

ஊர் மக்களோடு சேர்ந்து ஓவியம், நாடகம், தையல் என்று ஏதாவது செய்து, அவர்களுடைய நினைவுகளைப் பொதுவில் வைப்பது என் வேலை. நிதி தருபவர்களின் மொழியில் அது சமூகக் கலை, இனவாத எதிர்ப்பு, நல்லிணக்கம். நான் யாழ்ப்பாணத்தவள். மலையகத்தில் ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் இந்த வேலை தொடங்கியது 2023இல். தோட்ட வேலைக்காகத் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட மலையக மக்கள் இலங்கைக்கு வந்து 200 வருடம் என்று நாடு முழுக்கப் பேசிக்கொண்டிருந்த வருடம் அது. அவர்களின் முன்னோர் நடந்து வந்த வழியை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்து போனார்கள். எங்கள் நிறுவனத்துக்கும் ஒரு கண்காட்சி வைக்க ஆசை வந்தது.

முதல் திட்டத்தில் பெரிய படங்கள் இருந்தன. 1940இல் முல்லோயாவில் பொலிஸ் சுட்டு இறந்த தோட்டத் தொழிலாளி கோவிந்தன், 1977இல் டெவன் தோட்டத்தில் சுடப்பட்ட சிவனு லெட்சுமணன். பக்கத்திலேயே சட்டங்களின் காலவரிசை. தப்பான திட்டம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மாதிரிப் படங்களைத் தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமான பிள்ளைக்காம்பராவில் ஒட்டி வைத்தபோது பெண்கள் வந்து பார்த்தார்கள், கும்பிட்டார்கள், போய்விட்டார்கள். ஒருவரும் நின்று கதைக்கவில்லை. எங்களுக்குத் தெரிந்த வரலாற்றை அவர்களுக்கே படித்துக் காட்டிவிட்டு, அதை அவர்களுடைய நினைவு என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

அம்மாயியின் மறுப்புதான் வேலையைத் திருப்பியது. அலுவலகத்தில் அதைச் சொன்னபோது, "படிவத்தை இன்னும் எளிமையாக்குவோம்" என்றார்கள். நானும் இரண்டு நாள் அதையே செய்துகொண்டிருந்தேன். மூன்று பக்கத்தை ஒன்றாக்கி, எழுத்தைப் பெரிதாக்கி, விரல் வைக்க ஒரு பெட்டி போட்டேன். அந்தப் பெட்டியை வரைந்துகொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. இவர்களிடம் இதற்கு முன்பும் யார் யாரோ இப்படி ஒரு பெட்டியைக் காட்டி விரல் கேட்டிருக்கிறார்கள்.

1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இவர்களை நாடற்றவர்களாக்கியது. அடுத்த வருடம் வந்த இன்னொரு சட்டம், இத்தனை வருடம் இடைவிடாமல் இங்கே இருந்ததைக் கடதாசியில் நிரூபி என்றது. பிறப்பைக்கூடப் பதியாத லயத்து வரிசை வீடுகளில் கடதாசிக்கு எங்கே போவது? எட்டு இலட்சத்துக்கும் அதிகமானவர்களுக்காக விண்ணப்பம் போனது. கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. பிறகு 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். ஒன்பதே முக்கால் இலட்சம் பேரில் 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்று இரண்டு அரசும் கையெழுத்துப் போட்டன. பத்து வருடம் கழித்து அந்த மிச்சத்தையும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். போனவர்களை ஏற்றிய ரயிலை மலையகத்தில் 'ஒப்பாரிக் கோச்சி' என்பார்கள். அம்மாயியின் அண்ணன் ஏறியது அதில்தான். கடிதம் வந்துகொண்டிருந்தது, அப்புறம் நின்றுபோனது.

இப்படிப்பட்ட வீட்டுக்குள் நான் படிவத்தோடு போயிருக்கிறேன். எங்கள் தொழிலில் அதற்கு அறம் என்று பெயர். படிவம் இல்லாமல் போவதும் சரியில்லைதான், எவ்வளவோ பேர் மக்களின் கதையை எடுத்துக்கொண்டு போய்த் தங்கள் பெயரைப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் அந்தக் கடதாசி யாரைப் பாதுகாக்கிறது என்று கேட்டால், முதலில் எங்கள் நிறுவனத்தை.

வழி சொன்னது அம்மாயியின் மருமகள். "கடதாசியக் குடுக்க வேணாம். அதைப் பாத்து துணியில தைச்சுருவோம்" என்றார். பழைய வெள்ளைச் சேலையைச் சதுரமாகக் கிழித்தார்கள். ஜன்னல் கண்ணாடியில் கடதாசியை வைத்து, மேலே துணியைப் பிடித்து, தெரிகிற எழுத்தைப் பென்சிலால் வரைந்தார்கள். பிறகு நீல நூலால் தைத்தார்கள். கடதாசி உரியவரின் கையை விட்டு ஒரு நிமிடம்கூட நகரவில்லை. பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட்டின் ஒரு பக்கம், பழைய சம்பளத் துண்டு எல்லாம் துணிக்கு வந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் இஸ்தோப்பில், அதாவது வீட்டு முன்திண்ணையில், உட்கார்ந்து தைப்பது வழக்கமானது.

தைக்கத் தைக்கத்தான் பிழைகள் தெரிந்தன. எழுத்து எழுத்தாக ஊசி போகும்போது கண் தப்பாது. ராமாயி ஒரு கடதாசியில் ராமை, இன்னொன்றில் ரமையா. ஒரே வயிற்றுப் பிள்ளைகள் மூன்று பேருக்குத் தகப்பன் பெயர் மூன்று விதம். தமிழ் தெரியாத யாரோ காதில் விழுந்ததை எழுதியது, அடுத்தவர் அதைப் பார்த்து இன்னும் கெடுத்தது. இதனால் காணி உறுதிக்கும் ஓய்வூதியப் பணத்துக்கும் அலைந்த கதைகள் அங்கேதான் வெளியே வந்தன. திருத்தித் தைக்கலாமா என்று ஒரு பெண் கேட்டார். வேண்டாம், பிழையோடேயே இருக்கட்டும் என்று மற்றவர்கள் சொன்னார்கள்.

தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் கூலியும்தான். சொன்ன கிலோவுக்குத் தேயிலைக் கொழுந்து வராவிட்டால் அரைப்பேர். துணியைத் தூக்கிப் பிடித்துப் பார்த்த ஒருவர், "நமக்கு ஆபீஸ்லயும் அரைப்பேர்தான் போட்டிருக்கான்" என்றார். இஸ்தோப்பு முழுக்கச் சிரிப்பு. எவ்வளவு யோசித்தும் நான் வைத்திருந்த தலைப்பு எதுவும் இதற்குக் கிட்ட வரவில்லை.

பிறகு 'கள்ளத்தோணி' வந்தது. ஒரு அக்கா அந்தச் சொல்லைச் சிவப்பு நூலில் தைத்துக்கொண்டு வந்துவிட்டார். இளம் பிள்ளைகளுக்குக் கோபம். நம்மைத் திட்டிய சொல்லை நாமே ஏன் தொங்கவிட வேண்டும் என்றார்கள். 1977இலும் 1983இலும் இனக்கலவரங்களில் வீட்டை விட்டு ஓடியபோது காதில் விழுந்த சொல், மறைத்தால் நடந்ததே இல்லை என்பான் என்றார் அக்கா. மூன்று ஞாயிறு இந்தச் சண்டை போனது. நான் நடுவில் நின்று சமாதானம் பேசிக்கொண்டிருந்தேன், கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அப்போது அந்த அக்கா என் பக்கம் திரும்பினார்.

"இது சிங்கள ஆளுங்க சொன்னது மிஸ். இன்னொன்னு இருக்கு. அது உங்க ஆளுங்க சொன்னது. அதையும் தைக்கவா?"

தோட்டக்காட்டான். அவர் சொல்லவில்லை, சொல்லவும் தேவையில்லை. எங்கள் வீட்டில் அது வசவுகூட இல்லை, சாதாரணப் பேச்சு. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மலைநாட்டிலிருந்து ஒரு பிள்ளை எங்கள் வீட்டில் வேலைக்கு நின்றது. என்னைவிட மூன்று வயதுதான் கூட. நான் பள்ளிக்கூடம் போக, அது என் சப்பாத்தைத் துடைத்து வைக்கும். அதன் பெயரை நினைவுபடுத்திப் பார்த்தேன். வரவில்லை. எங்கள் வீட்டில் அதை எல்லோரும் 'பெட்டை' என்றுதான் கூப்பிட்டோம்.

இதை அங்கேயே சொன்னேன். ஒருவரும் என்னை ஆறுதல்படுத்தவில்லை, நல்லதாகப் போயிற்று. அக்கா நூலைப் பல்லால் அறுத்துவிட்டு, "அந்தச் சதுரத்த நீங்க தைங்க" என்றார். தைத்தேன். என் தையல் கேவலமாக இருந்தது. பிரித்துத் திரும்பத் தைக்க வைத்தார்கள்.

கண்காட்சி நாளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பிள்ளைக்காம்பராவில் கொடி கட்டித் துணிகளைத் தொங்கவிட்டோம். கீழேயுள்ள சிங்களக் கிராமத்திலிருந்தும் சிலர் வந்தார்கள். சிவப்புச் சதுரத்தின் முன் ஒரு பெரியவர் நீண்ட நேரம் நின்றார். சிங்களத்திலும் அந்தச் சொல் அப்படியேதான், அவருக்கு மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் படப்பிடிப்பாளர் அவரையும் அக்காவையும் கைகுலுக்க வைத்துப் படம் எடுக்கப் பார்த்தார். அக்கா கையைக் கொடுக்கவில்லை, பிளேன்டீ கொடுத்தார். அறிக்கைக்கு அந்தப் படம் வேண்டும் என்று மேலிடத்தில் கேட்டார்கள். இல்லை என்று எழுதினேன்.

பிறகு கொழும்பில் ஒரு கலைக்கூடம் துணிகளைக் கேட்டது. பெண்கள் கூடிப் பேசி, பதினான்கு சதுரங்களை அனுப்பினார்கள். நிராகரிப்புக் கடிதத்தைத் தைத்த சதுரத்தை அம்மாயி கொடுக்கவில்லை. அது இப்போது தகரப்பெட்டியில், அசலோடு அதே பைக்குள் இருக்கிறது. என் ஒப்புதல் படிவங்கள் அலுவலக இழுப்பறையில் கையெழுத்தில்லாமல் கிடக்கின்றன. கணக்காய்வுக்கு வந்தவருக்கு அதை விளங்கப்படுத்த அரை நாள் போனது.

போன மாதம் மருமகள் தொலைபேசியில் கூப்பிட்டார். பேத்தி பிறந்திருக்கிறாள், பிறப்புச் சான்றிதழும் கைக்கு வந்துவிட்டது.

"பேர்ல ஒரு எழுத்து மாத்திப் போட்டிருக்கான் மிஸ். வரும்போது நீல நூல் ரெண்டு உருண்டை வாங்கிட்டு வாங்க."