கோல்ஃப் சிமுலேட்டர்: பொருத்திவிடுவதா, மடக்கி வைப்பதா?

நாகர்கோவிலில் இருந்துகொண்டு கோல்ஃப் ஆட விரும்புபவர் திருவனந்தபுரத்தின் கவடியாரில் உள்ள கோல்ஃப் மைதானம் வரை போக வேண்டியிருப்பதால், வீட்டிலேயே சிமுலேட்டர் (அடித்த பந்தின் போக்கைக் கருவியால் அளந்து திரையில் காட்டும் அமைப்பு) வைக்கும் எண்ணம் வருவது இயல்பே. மார்த்தாண்டத்தில் புதுவீடு கட்டிவரும் என் அத்தான், அதற்கென ஓர் அறையை ஒதுக்கி நிரந்தரமாகப் பொருத்தலாமா, வேண்டும்போது விரித்து மடக்கும் அமைப்பே போதுமா என்று கேட்டார்.

எல்லாவற்றுக்கும் முன் கூரை உயரத்தைப் பார்க்க வேண்டும். கான்கிரீட் கூரை பத்தடி இருந்தாலும், ஃபால்ஸ் சீலிங் செய்தால் ஒன்பதடிதான் மிஞ்சும். உயரமானவர் டிரைவர் எனும் நீண்ட மட்டையை முழுமையாகச் சுழற்ற அது போதாது. தலைக்கு மேல் மின்விசிறி தொங்கவே கூடாது.

அடுத்தது அறையின் நீளம். பந்துக்குப் பின்னால் வைக்கும் ரேடார் வகைக் கருவிக்குப் பின்புறம் ஏறத்தாழ எட்டடியும், பந்து பறக்க முன்புறம் அதே அளவும் தேவைப்படும். பந்துக்குப் பக்கத்தில் வைக்கும் கேமரா வகைக்கு அவ்வளவு நீளம் வேண்டியதில்லை. திரையைச் சுவரோடு ஒட்டிக் கட்டாமல், பந்தின் வேகத்தைத் திரை வாங்கிக்கொள்ள ஓரடியாவது இடைவெளி விட வேண்டும்.

நிரந்தர அமைப்பின் உண்மையான பலன், எதுவும் இடம் மாறாது என்பதே. மடக்கும் அமைப்பை விரிக்கும் ஒவ்வொரு முறையும் கருவியின் திசை சற்றே விலகலாம்; ஒரு டிகிரி பிழைகூட, 200 கெஜம் போகும் பந்தை மூன்றரை கெஜம் தள்ளிக் காட்டிவிடும். நேராக அடித்த பந்தை வளைந்ததாக நம்பி ஸ்விங்கை மாற்றிக்கொள்வதைவிடப் பெரிய கேடு பயிற்சியில் இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

ஆனால் இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழை, ஐப்பசி மழை இரண்டையும் பெறும் மாவட்டம் நம் கன்னியாகுமரி. குளச்சல், மணவாளக்குறிச்சி போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று இரும்புச் சட்டத்தை அரிக்கும். அடைத்துக் கிடக்கும் அறையில் திரையும் விரிப்பும் பூசணம் பிடிக்கும். மொட்டை மாடியில் ஷீட் போட்டு அமைக்க நினைப்பவர்களுக்கு மடக்கி உள்ளே எடுத்து வைக்கும் அமைப்பைத் தவிர வேறெதையும் நான் சொல்ல மாட்டேன்.

அத்தானுக்கு இரண்டையும் கலந்தே சொன்னேன். கூரை வார்க்கும்போதே புரொஜெக்டருக்கான மின்குழாயைப் பதித்து, தரையில் விரிப்பின் இடத்தையும் கருவியின் இடத்தையும் அழியாத கோடுகளால் குறித்துவிட வேண்டும். திரையும் வலையும் மட்டும் கழற்றக்கூடியனவாக இருக்கட்டும். மழைக்காலம் ஒன்றை அந்த அறை எப்படித் தாங்குகிறது என்று பார்த்த பிறகு, கூரையில் பொருத்தும், விலை கூடிய கேமரா வகைக் கருவியைப் பற்றி யோசிக்கலாம்.