குறுவை நாற்றும் அத்தையின் ரத்தமும்

மன்னார்குடி பக்கம் எங்கள் ஊரில் குறுவை நடவு நடந்துகொண்டிருந்த வாரம் அத்தை வீட்டுக்கு வந்தார். "தம்பி, பத்து முடி நாத்து நடுறதுக்குள்ள மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குது, நிமிந்தா கண்ணை இருட்டிக்கிட்டு வருது, வயசாயிட்டுதுல்ல." வயது 46தான். கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன், வெளிறிக் கிடந்தது. நான் லேப்பில் வேலை பார்க்கிறவன், மறுநாளே ரத்தம் எடுத்தேன். ஹீமோகுளோபின் 7.8. பெண்களுக்கு 12ஆவது இருக்க வேண்டும்.

ஸ்லைடில் சாயம் ஏற்றிப் பார்த்தபோது மனசு கஷ்டமாகிவிட்டது. நல்ல சிவப்பணு என்றால் ஓட்டை போடாமல் நடுவில் இரண்டு பக்கமும் அழுத்திய உளுந்து வடை மாதிரி இருக்கும், நடுவில் மட்டும் கொஞ்சம் வெளுப்பு. அத்தையுடையது சின்னச் சின்னதாக, ஓரத்தில் மெல்லிய வளையம் மட்டும் சிவந்து, மற்றதெல்லாம் வெறிச்சென்று.

அந்தக் குழிவான வடிவம் சும்மா இல்லை. 7, 8 மைக்ரான் அகலமுள்ள அணு தன்னைவிடக் குறுகலான தந்துகிக்குள், அதாவது மயிரிழை போன்ற ரத்தக்குழாய்க்குள், மடங்கி நெளிந்து போகவேண்டும், போகிற வழியில் ஆக்சிஜனை இறக்கவும் வேண்டும். உட்கரு இல்லை, மைட்டோகாண்ட்ரியா இல்லை, கிடைத்த இடமெல்லாம் ஹீமோகுளோபின், ஒரு சிவப்பணுவில் சுமார் 27 கோடி மூலக்கூறு. ஒவ்வொன்றிலும் நாலு இரும்பணு, ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்வது அதுதான். இரும்பு குறைந்தால் மூச்சு வாங்காமல் என்ன செய்யும்?

உட்கரு இல்லாததால் பழுது பார்த்துக்கொள்ளவும் முடியாது. 120 நாள்தான் ஆயுசு, ஏறக்குறைய ஒரு குறுவைப் பயிர். அப்புறம் மண்ணீரலும் கல்லீரலும் அதைப் பிரித்து, இரும்பை மட்டும் எலும்பு மஜ்ஜைக்குத் திருப்பி அனுப்பும். மஜ்ஜைதான் நாற்றங்கால், நொடிக்கு இருபது லட்சத்துக்கு மேல் புது அணுக்கள் அங்கிருந்து கிளம்புகின்றன. ஆக்சிஜன் குறைந்தால் சிறுநீரகம் எரித்ரோபாய்ட்டின் என்ற ஹார்மோனைச் சுரந்து, இன்னும் உண்டாக்கச் சொல்லும். சொல்லி என்ன, உரமில்லாத நாற்றங்காலில் நாற்று தேறுமா?

டாக்டர் மாதவிடாய்ப் போக்கு அதிகமா என்று கேட்டு, ஆமாம் என்றதும் அதற்கும் வைத்தியம் சொன்னார். வெறுங்காலோடு சேற்றில் நிற்பவர் என்பதால் கொக்கிப்புழுவுக்கும் மாத்திரை கொடுத்தார், அது பாதம் வழியாகவே ஏறிக் குடலில் ரத்தம் குடிக்கிறது. கூடவே இரும்பு மாத்திரை. பத்தாம் நாள் அத்தை நிறுத்திவிட்டார். "மலம் கருப்பா போவுது, வயித்தப் பெரட்டுது." இந்த இடத்தில்தான் பல பேர் விட்டுவிடுகிறார்கள், எனக்கு இதைவிட ஆதங்கம் வேறில்லை. கருப்பாகப் போவது இரும்பால், பயப்பட வேண்டாம். வயிற்றைப் பிரட்டினால் டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளலாம். வரப்பில் பத்து மணி டீயோடு மட்டும் மாத்திரை வேண்டாம், டீ இரும்பைச் சேரவிடாது, எலுமிச்சம்பழச் சாறு சேரவைக்கும்.

சமாதானப்படுத்தித் திரும்ப ஆரம்பித்து ஒரு மாதம் கழித்துப் பார்த்தேன், 9.6. மைக்ராஸ்கோப்பில் அத்தையையே பார்க்கச் சொன்னேன். வெளிறிய பழைய அணுக்களுக்கு நடுவே புதுசு பெரிதாக, நிறைந்து கிடந்தது. கண்ணை எடுக்காமலே கேட்டார், "இந்தச் சோகை புடிச்சதெல்லாம் எப்பப் போவும்?"

"தாளடி நட்டு முடிக்கிறதுக்குள்ள போயிடும் அத்தை. ஆனா அதுக்கப்புறமும் ரெண்டு மூணு மாசம் மாத்திரையை விடக்கூடாது, உடம்புல இருப்பு சேரணும்."