மீன் தொட்டிச் செடிக்கு லைட் மாத்தி மாத்திப் பாத்த நாலு மாசம்

திருகோணமலை உப்புவெளியில எங்கட வீட்டு விறாந்தையில 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத்தில ஒரு தொட்டி இருக்கு, முட்ட நிரப்பினா 56 லீட்டர் கிட்டப் பிடிக்கும். உள்ளுக்கு மீனில கப்பி, நியோன், செடியில கிரிப்டோகொரைன் வென்டியை (சுருக்கமா கிரிப்டோ), அனுபியாஸ், ஹைட்ரில்லா.

மூடியோட வந்தது மங்கலான நீல லைட். அதில நியோன் மினுங்கிறது சரியான வடிவு, ஆனா ஹைட்ரில்லா மூண்டு கிழமையில கணுவுக்குக் கணு இடைவெளி விட்டு மெலிஞ்சு மேல நீண்டு கீழ் இலையெல்லாம் கொட்டிப் போச்சு, வெளிச்சம் காணாதெண்டா செடி இப்பிடித்தான் எட்டிப் பிடிக்கப் பாக்கும். சரி வெயில் தாராளமாக் கிடக்குத்தானே எண்டு கிழக்கு யன்னலடிக்குத் தூக்கி வச்சன், காலமை கடல் பக்கத்து வெயில் நேரா விழுந்து அஞ்சாறு நாள்ல தண்ணி பச்சையாகி மீனே தெரியேல்ல.

பிறகு 20 வாட்ஸ் எல்ஈடி ஃப்ளட் லைட், 6500 கெல்வின் (பகல் வெளிச்சம் மாதிரி வெள்ளை நிறம்), பெட்டியில 1800 லூமன் (வெளிச்சத்தின்ர அளவு) எண்டு போட்டிருந்தது. ஒரு நாளைக்கு 10 மணித்தியாலம் எரிய விட்டன். பின்னேரத்தில ஹைட்ரில்லா நுனியில இருந்து குட்டிக் குட்டி முத்து மாதிரிக் காத்துக் குமிழ் வரிசையா ஏறேக்க நான் கதிரையைப் போட்டுக்கொண்டு முன்னாலயே இருந்திட்டன். ரெண்டாம் கிழமை அனுபியாஸ் இலையில பச்சைப் புள்ளி, நகத்தால சுரண்டினாலும் லேசில போகாது, கிரிப்டோ ஓரத்தில நூல் பாசி. லைட் கூடினா செடிக்குக் கார்பன்டையொக்சைட்டும் உரமும் அதுக்கேத்த மாதிரிக் கூட வேணும், நான் ரெண்டும் குடுக்கேல்ல, மிஞ்சின வெளிச்சம் முழுக்கப் பாசிக்குத்தான் போயிருக்கு.

இந்தக் கிரிப்டோ எங்கட இலங்கைக்கே உரிய செடி, வேற எந்த நாட்டிலயும் இயற்கையா இல்லை, காட்டு ஓடைக்கரையில மர நிழல்ல வளர்றது. அனுபியாஸும் ஆபிரிக்காவில அப்பிடி நிழல்ல நிக்கிறதுதான். இதைத் தெரிஞ்ச பிறகுதான் வாட்ஸைக் குறைக்க மனம் வந்தது.

இப்ப 10 வாட்ஸ், 900 லூமன், லீட்டருக்கு 16 லூமன் மட்டில வருது. டைமர்ல பின்னேரம் 3 மணியில இருந்து இரவு 10 வரைக்கும், 7 மணித்தியாலம். சுத்துற டைமர் வச்சிருக்கிறாக்கள் கரண்ட் போய் வந்தா நேரத்தைத் திருப்பி வையுங்கோ, எவ்வளவு நேரம் கரண்ட் இல்லையோ அவ்வளவுக்கு அது பிந்தி நிக்கும். கடல் காத்துக்கு இரும்பு கிளிப் துருப்பிடிச்சதால பிளாஸ்டிக்குக்கு மாத்திட்டன்.

லைட் மாத்தின உடன கிரிப்டோ இலையெல்லாம் கண்ணாடி மாதிரியாகிக் கரைஞ்சது. பிடுங்கி எறிய வெளிக்கிட்டிட்டன், அடியில விரலை விட்டுப் பாத்தா வேர் வெள்ளையா, இறுக்கமா இருந்தது, அப்பிடியே விட்டன். 19 நாளால நடுவில இருந்து வெத்திலைக் கொழுந்து மாதிரிச் சுருண்டபடி ஒரு மண்ணிற இலை வந்து ஞாயிற்றுக்கிழமை விரிஞ்சது, இப்ப மூண்டு இலை. அனுபியாஸின்ர பழைய இலையில புள்ளி இன்னும் கிடக்கு, புது இலை ரெண்டும் சுத்தமா இருக்கிறதால பழசுகளை இந்தக் கிழமை வெட்டி எடுக்கப்போறன்.